‘கல்ஃப்’ என்பது ஒரே நாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளைக்குத் தெற்கே தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை எனக் கேரள எல்லை வரை நீளும் கடற்கரை ஊர்களிலிருந்து ஏராளமானோர் அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். விசா, சம்பளம், டிக்கெட் பற்றி ஏஜெண்ட் சொல்லிவிடுகிறார். அங்கே பூசை (கிறிஸ்தவத் திருப்பலி) காண முடியுமா, கழுத்தில் செபமாலை தெரியலாமா, இறந்துவிட்டால் உடல் ஊர் வருமா என்று சொல்லத்தான் ஆளில்லை. எல்லாவற்றையும் ‘கல்ஃப்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கிறிஸ்தவர்களுக்கு அங்கே நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. துபாயைப் பற்றிக் கேட்டதை நம்பிச் சவூதியில் இறங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

துபாய், அபுதாபி, குவைத்தில் கோயில்கள் (தேவாலயங்கள்) உண்டு. பஹ்ரைனின் மனாமாவில் 1939-லேயே திரு இருதய ஆலயம் எழுந்தது. அதே நாட்டின் அவாலியில் 2021 டிசம்பரில் பேராலயமே திறந்தார்கள். கத்தாரில் 2008-இல் திறந்த ஆலயம் மெசைமீர் வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியே சிலுவை தெரியாது, வாசலில் சோதனை உண்டு.

சவூதியில் ஒரு கோயிலும் இல்லை. பொதுவில் கிறிஸ்தவ வழிபாடு கூடாது. அறைக்குள் தனியாகச் செபிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று அரசு சொல்லியிருக்கிறதே தவிர, அதை உரிமையாக எழுதிவைத்த சட்டம் இல்லை. மதப் போலீசாரின் கைது அதிகாரம் 2016 ஏப்ரலில் பறிக்கப்பட்டாலும் இந்த நிலை மாறவில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு பைபிள் போதும். நண்பர்களுக்கென்று நாலைந்து பிரதிகள், துண்டுப் பிரசுரம், சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) கொண்டுபோனால் மதம் பரப்ப வந்தவராகப் பார்ப்பார்கள். உத்தரியம் (கழுத்தில் அணியும் புனிதத் துணிப்பட்டை), செபமாலை சட்டைக்குள் இருக்கட்டும். கேம்ப் அறையில் ஐந்து பேர் கூடிச் செபித்தால் பாட்டுச் சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது. அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

“சவூதியின் தம்மாமில் இருந்தால் பாலம் தாண்டி பஹ்ரைனில் பூசை கண்டுவிடலாம்” என்று பலரும் சொல்வார்கள். பாலம் 25 கிலோமீட்டர்தான். ஆனால் சவூதியிலிருந்து வெளியேறித் திரும்ப தனி விசா வேண்டும். பஹ்ரைன் விசாவுக்கோ இக்காமாவில் (சவூதியில் தங்கும் அனுமதி அட்டை) எழுதியுள்ள தொழிலைப் பார்ப்பார்கள். சவூதியில் 2021 மார்ச் தொழிலாளர் சீர்திருத்தம் வந்தபின் பல தொழிலாளர்கள் கஃபீலை (விசா தந்த முதலாளியை) கேட்காமலே வெளியேறும் விசா எடுக்கலாம். வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்ட வேலைக்காரர்களை அதில் சேர்க்கவில்லை. இவர்கள் வருடக்கணக்கில் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவ அறிக்கை) நற்கருணையும் இல்லாமல் கழிப்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் சில நாடுகளில் கிறிஸ்தவருக்கும் குற்றமே. குவைத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை. சந்தேகம் வந்தால் அங்கிருக்கும் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் சகோதரர்களிடம் கேளுங்கள், ஊர்க்காரர் என்று சரியான வழி சொல்வார்கள்.

இறப்புதான் குடும்பத்தை நிலைகுலைய வைப்பது. சவூதியில் பொதுவில் கிறிஸ்தவ அடக்கச் சடங்கு நடத்த முடியாது. அதனால் உடலை ஊருக்குக் கொண்டுவரத்தான் வீட்டார் துடிக்கிறார்கள். மருத்துவமனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, பாஸ்போர்ட், இக்காமா, நோட்டரி கையொப்பமிட்ட வாரிசின் சம்மதக் கடிதம், தூதரகத்தின் தடையில்லாச் சான்று இத்தனையும் சேர வேண்டும். தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரில். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால். சம்மதக் கடிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். உடல் பிணவறையில் காத்துக் கிடக்கும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெறுவதற்குக் கட்டாயமான பிரவாசி பாரதீய பீமா காப்பீடு விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் கட்டணம். பாலிசி எண் வீட்டில் இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்கவும் வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் பிள்ளைகள் சாமியாரிடம் ஆசீர் வாங்கக் கோயிலுக்கு வருவார்கள். பங்குப் பேரவை (ஊர்க் கோயில் மக்களின் குழு) அப்போதே கால்மணி நேரம் ஒதுக்கி, போகிற நாட்டின் சட்டத்தைச் சொல்லி, பாஸ்போர்ட், ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் மூன்றின் நகலையும் வாங்கிப் பங்கு அலுவலகத்தில் வைக்க வேண்டும். இக்காமா கைக்கு வந்ததும் அதன் படத்தையும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
புலம்பெயர்ந்தோர் குடும்ப உதவிக் குழுவினர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.