முதியோர் நலச் சங்க ஆண்டறிக்கை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கண் முகாமும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி மறதி நோய், அதாவது டிமென்ஷியா உள்ளவர்களின் வீடுகளுக்கே போனது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. ஆனாலும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடும் வழக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மாறவில்லை. தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஒரே நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மறதி நோய்ப் பரிசோதனையில் என்ன மாதம் என்று மலையாளத்தில் கேட்டால், ஆடி, ஆவணி கணக்கிலேயே வாழ்ந்த நம் பாட்டிமார் தடுமாறுவார்கள். அதை நோய்க் கணக்கில் சேர்ப்பது அநியாயம். அதனால் இரண்டு மொழியும் தெரிந்த உறுப்பினர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினோம்.

பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். சாயங்காலம் ஆனால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் மாமியாரோடு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்கள். "ரெண்டு மணி நேரம் யாராவது உக்காந்தா ரேஷன் கடைக்காவது போய்ட்டு வருவேன்" என்று ஓர் அக்கா கேட்டார். அப்புறம்தான் மதிய நேரத் துணை ஏற்பாட்டைத் தொடங்கினோம். கோவாவில் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பியபோது, பராமரிப்பவர்களின் மனவேதனை குறைந்ததாக 2008-இல் ஆய்வு வெளியானது. இங்கேயும் அது முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாமல், தெருவில் ஒரு சுற்று கூட்டிப்போய்த் திரும்பினால் பலர் அடங்கிவிடுகிறார்கள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

கேரளத்தில் 2008 பாலியேட்டிவ் கொள்கைக்குப் பிறகு, தீராத நோயில் படுத்திருப்பவர்களின் வேதனையைத் தணிக்க ஊராட்சி வழியாக நர்ஸ் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் சேவை பரவியது. நடமாடிக்கொண்டிருக்கும் மறதி நோயாளரையும் அதில் சேர்க்கக் கேட்டு மனு கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம்.

துணைக்கு வருபவர்கள் இப்போது பெரும்பாலும் பெண்களே. ஆண் நோயாளரைக் குளிப்பாட்டவும், கிளம்பிவிட்டால் கூடவே நடக்கவும் ஆண்கள் வேண்டும். வர விரும்புவோர், எந்தக் கிழமை முடியும் என்பதையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகவும்.

செயலாளர்