மனுக்களைத் தொகுக்க உடனிருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மக்கள் இணையம் வழியாக அனுப்பிய மனுக்களைத் திரட்டி, தேடிப் பார்க்கக்கூடிய ஆங்கிலத் தரவகமாக்கும் வேலை போன வாரம் முடிந்தது. மனுத் தளம் தொடங்கிய 2015 ஜூலையிலிருந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட 2019 நவம்பர் வரையிலான மனுக்கள், அவற்றுக்கு அரசு தந்த பதில்கள், நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் என்ற விவாத அரங்கில் நடந்த விவாதங்களின் எழுத்துப் பதிவு எல்லாம் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. இதைத் தனி ஆளாகச் செய்திருக்கவே முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இந்த மனுக்களையெல்லாம் எவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி திறந்து வைத்திருப்பவர்களுக்கு. பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுதும், ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றி நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழு யோசிக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எத்தனை கையெழுத்து வந்தது என்ற கணக்கையும் தருகிறார்கள். அதோடு, அவதூறோ ஆபாசமோ இல்லாத வரை, நிராகரித்த மனுக்களையும் காரணத்தோடு வெளியிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த நிராகரிக்கப்பட்டவற்றைத்தான் நான் முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஏற்கப்பட்டவற்றைவிட அவை எண்ணிக்கையில் அதிகம், வேலை இரண்டு மடங்காகும் என்ற பயம். எங்கள் நூலகர் ஒரு மாலை அவற்றில் இருபதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இவர்களும் கேட்கத்தானே வந்தார்கள்?” என்றார். உள்ளூர் கவுன்சில் பார்க்க வேண்டிய குப்பைத் தொட்டி, ஏற்கெனவே வேறு ஒருவர் கேட்டுவிட்ட அதே கோரிக்கை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் கோபத்தை மட்டும் கொட்டிய நாலு வரி. அரசியல் பேச்சு பழகாதவர்கள் அதிகாரத்திடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்தத் தரவகத்தின் பாதி உயிர் போயிருக்கும்.

என் நெறியாளருக்கு நன்றி சொல்லும்போது ஒரே ஒரு மனுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பு 2016 ஜூன் 23 அன்று நடந்தது. வென்ற பக்கம் 60 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்று, வாக்குப்பதிவும் 75 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்ட மனு அது. விலக வேண்டும் என்று விரும்பிய ஒருவர், தம் பக்கம் தோற்றுவிடுமோ என்று மே மாதமே எழுதி வைத்தது. முடிவு 51.9க்கு 48.1 என்று விலகல் பக்கம் வந்ததும், தோற்ற பக்கத்தார் திரண்டு வந்து அதே வாசகத்தின் கீழ்க் கையெழுத்திட்டார்கள், 41 லட்சத்துக்கும் மேல்! ஒரு எழுத்துகூட மாறவில்லை, பேசுகிறவர்கள் மாறிவிட்டார்கள். நான் அதை ‘ஒன்றியத்தில் தொடர விரும்புவோர்’ என்ற தலைப்பில் போட்டிருந்தேன். எழுதியவரின் நோக்கம் ஒரு கட்டம், கையெழுத்திட்டவர்களின் நிலை இன்னொரு கட்டம், இரண்டையும் கலக்காதே என்று நெறியாளர் பொறுமையாக உட்கார்ந்து பிரித்துக் காட்டினார். அந்த ஒரு திருத்தத்தால் அட்டவணை முழுவதையும் மாற்றினோம். மாற்றியது நல்லதுதான்.

நிரல் எழுதித் தந்த தோழிக்கு என்ன சொல்வது! ‘டோன்ட்’ (don't) என்ற ஆங்கிலச் சொல், சொற்பட்டியலில் இரண்டு தனிச் சொற்களாக வந்துகொண்டிருந்தது. சிலர் நேரான அபாஸ்ட்ரஃபியும் சிலர் வளைந்ததும் போட்டிருந்ததுதான் காரணம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவால் அதுவரை எடுத்த எண்ணிக்கைகள் எல்லாம் தவறாக இருந்தன. மனு எழுதியவர்களின் பெயர்களை நீக்கும் நிரலும் அவளுடையதே. தளத்தில் பெயர் இருக்கிறதே என்று நான் வாதாடினேன். ஒரு மனுவுக்காகத் தந்த பெயரை நம் ஆய்வுக்காக நிரந்தரமாகச் சுமந்து திரிய நமக்கு உரிமை இல்லை என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். இப்போது முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், ஒரு சொல் எங்கெங்கே எப்படி வருகிறது என்று தேடிக் காட்டும் ஆன்ட்காங்க் மென்பொருளை இலவசமாகத் தரும் லாரன்ஸ் ஆன்டனிக்கும் நன்றி. காசில்லாத மாணவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

குறியிட்ட மூன்று மாணவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்று வரும் இடமெல்லாம் யாரைச் சுட்டுகிறது என்று முடிவு செய்யும் வேலை அது. ஒரே மனுவுக்கு மூவரும் மூன்று விடை தந்த நாட்கள் உண்டு. சமூக வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களிடம் கூடுதல் படுக்கையறை இருந்தால் அரசின் வாடகை உதவியைக் குறைப்பதை ‘பெட்ரூம் டாக்ஸ்’ (படுக்கையறை வரி) என்று ஒருவர் எழுதுவார். அரசு பதிலில் அதே விஷயம் ‘உபரி அறை மானிய நீக்கம்’ என்று வரும். இரண்டும் ஒன்றுதான், ஆனால் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதிலேயே அவர் பக்கம் தெரிந்துவிடும். பொருளையும் பெயரையும் தனித்தனியாகக் குறியிட வேண்டும் என்பது அவர்கள் மூவரும் சண்டை போட்டுக் கண்டடைந்த வழி.

கடைசியாக, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. 1950களில் பிறந்த பிரிட்டிஷ் பெண்களின் அரசு ஓய்வூதிய வயதை 1995, 2011 சட்டங்கள் உயர்த்தின. மாற்றத்தைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு வேண்டும் என்று கேட்ட மனு ஒரு லட்சம் கையெழுத்தைத் தாண்டி, 2016 பிப்ரவரியில் விவாதத்துக்கும் போனது. அதில் சில சொற்கள் புரியாமல் தாளோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் 1954 டிசம்பரில் பிறந்தவர். அறுபதில் கிடைக்கும் என்று நம்பியிருந்தது அவருக்கு 66 வயதில்தான் கிடைத்தது. தாளைப் படித்து முடித்து, நாங்கள் ‘தெளிவில்லை’ என்று குறித்திருந்த வரியில் விரலை வைத்து, “இது நான்தான்” என்றார். அதற்குப் பிறகு தேநீர் போட்டுக்கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். அந்த மாலைக்குப் பிறகு எந்த மனுவையும் வெறும் வரிசை எண்ணாக என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா, உங்களுக்காக அந்த மனுவையும் விவாதத்தின் முழுப் பதிவையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் எல்லோருடைய உதவியாலும் வேலையை முடித்தவள்