சனிக்கிழமை முழுக்க ஜெப ஆலயத்தில்: மகனுக்கு

அன்புள்ள செந்தில்,

கூட வேலை பார்க்கிற யூதர் உன்னை இந்த வார ஷப்பாத்துக்கு, அதாவது அவர்களின் வார ஓய்வு நாளுக்கு, அழைத்திருப்பதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போய் வா. மகாயின் அபோத் ஜெப ஆலயம் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில்தான் இருக்கிறது, நம் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெரு. 1878-இல் திறந்தது. பாக்தாத் வழி வந்த யூதர்களின் மரபு அங்கே. முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடச் சொல். வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டையை மறக்காதே.

ஷப்பாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. அதற்கு 18 நிமிடம் முன்பு வீட்டில் விளக்கேற்றுவார்கள். அதிலிருந்து சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, கிட்டத்தட்ட 25 மணி நேரம், நெருப்பு, மின்விசை, எழுத்து, பணம், சமையல் எதுவும் கிடையாது. விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை. அவற்றை நீ மனப்பாடம் செய்ய வேண்டாம். நீ யூதன் இல்லை, அந்த விதிகள் உன்னைக் கட்டாது.

சிக்கல் வருவதும் இங்கேதான். விதி நமக்கில்லையே, நாமே செய்து கொடுத்துவிடுவோம் என்று தோன்றும். செய்யாதே. அவர்களுக்காக நீ ஒரு விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. நல்லது செய்யப் போய் ஓர் அறையையே அவர்களுக்கு இல்லாமல் ஆக்கிவிடுவாய். அதைவிடப் பெரிய ஆபத்து, நம் வீட்டுச் சிக்கனம். கழிப்பறையை விட்டு வரும்போது கை தானாகவே சுவிட்சுக்குப் போகும். அணைத்துவிட்டால் இரவுவரை இருட்டுதான், ‘போடுங்கள்’ என்று உன்னிடம் அவர்கள் கேட்கவும் முடியாது. விளக்கும் ஏசியும் எரிவதும் நிற்பதும் வெள்ளிக்கிழமையே டைமரில் வைத்தபடி நடக்கும். துடைக்கும் தாளைக்கூட முன்பே கிழித்து அடுக்கியிருப்பார்கள்.

வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால், வெள்ளி மதியத்துக்குள் பூங்கொத்து அனுப்பிவிடு. அம்மா செய்த முறுக்கு வேண்டாம். நம் அடுப்பில் செய்ததை அங்கே பரிமாற முடியாது. திராட்சை மதுவும் வேண்டாம். மேசையில் மதுக் குப்பி இருந்தாலும் நீ எடுத்து ஊற்றாதே. கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி செய்த, காய்ச்சாத மதுவை யூதரல்லாதவர் கையாண்டால் அனுஷ்டானமுள்ளவர்கள் அதைக் குடிக்க மாட்டார்கள். எந்தக் குப்பி காய்ச்சியது, எது காய்ச்சாதது என்று நீ ஆராய வேண்டாம், அவர்களே ஊற்றட்டும்.

முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை போதும். தலையில் கிப்பா என்ற சிறு தொப்பி வைக்க வேண்டும், வாசலில் கேட்டால் கொடுப்பார்கள். தோளில் போடும் தல்லீத் துணியை நீ எடுக்காதே. கைபேசியை அணைத்துப் பையில் போடு, படம் எடுக்காதே. டாக்சியில் போனால் வாசலில் நிறுத்தாமல் சற்றுத் தள்ளி இறங்கு. வணக்கத்துக்கு ‘ஷப்பாத் ஷாலோம்’ என்று சொன்னால் போதும். பெண்களுக்கு மேல்மாடம் தனி. அவர்களாக நீட்டாதவரை பெண்களிடம் கை நீட்டாதே.

காலை வழிபாடு இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். புத்தகம் வலமிருந்து இடமாகத் திரும்பும். அதைத் தரையில் வைக்காதே, கவிழ்த்தும் வைக்காதே. தோரா என்ற அவர்கள் வேதத்தின் சுருள் நிமிர்ந்து நிற்கும் கூட்டுக்குள் இருக்கும். சுருளை வைத்திருக்கும் பேழை திறக்கும்போதும் சுருள் உன்னைத் தாண்டிப் போகும்போதும் எழுந்து நில். ஏழு பேரைப் பெயர் சொல்லி அழைத்து வாசிப்பார்கள். பொதுவழிபாட்டுக்கு வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்து பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்தால், நீ அங்கே உட்கார்ந்திருந்தும் கணக்கில் வர மாட்டாய். அதை மனசில் போட்டுக்கொள்ளாதே.

சாப்பாட்டுக்கு முன் மதுக் கிண்ணம் ஏந்தி கித்தூஷ் என்ற ஆசி வாசகம் சொல்வார்கள். பிறகு செம்பில் நீர் எடுத்துக் கை கழுவி, ரொட்டி வாயில் படும்வரை யாரும் பேச மாட்டார்கள். ‘ஏன் அமைதியாகிவிட்டீர்கள்?’ என்று கேட்டு வைக்காதே. மூடியிருக்கும் ரொட்டிகள் இரண்டு. அறுத்து உப்பில் தொட்டுக் கொடுப்பார்கள்.

டபீத் கிடைத்தால் விடாதே. அரிசி அடைத்த முழுக் கோழியைச் சுற்றிலும் அரிசி போட்டு, வெள்ளிக்கிழமையே அடுப்பேற்றி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் விடுவது அது. மேலே முட்டைகளும் வேகும், ஓடும் உள்ளும் பழுப்பாகிவிடும். தண்ணீர் அளவு தப்பினால் கருகும், நடுவில் பச்சைத்தண்ணீர் சேர்க்கவும் வழியில்லை. அதனால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதே. திறந்த பாத்திரத்தை மறுபடி சூட்டில் வைப்பதற்கே தனி விதிகள் உண்டு. அடியில் பிடித்த பொறுக்குக்கு ஹக்காகா என்று பெயர். எல்லாருக்கும் அதன் மேல்தான் கண், முதலில் கை வைக்காதே! பாலும் இறைச்சியும் அவர்கள் சேர்ப்பதில்லை, அதனால் இறைச்சி சாப்பிட்ட பிறகு காபிக்குப் பால் கேட்காதே.

மதியம் தூங்குவார்கள், படிப்பார்கள், வளவளவென்று பேசுவார்கள். நீயும் உட்கார்ந்து பேசு. மாலையில் இன்னொரு வழிபாடு, மூன்றாவது சாப்பாடு. இருட்டிய பிறகு ஷப்பாத்தை முடித்துவைக்கும் ஹவ்தலா சடங்கு: மது, வாசனைப் பொருள், பல திரிகள் முறுக்கிய மெழுகுவத்தி. சுடர் வெளிச்சத்தில் நகங்களைப் பார்த்துக்கொள்வார்கள். சுடரை மதுவில் அணைத்ததும் ஷப்பாத் முடிந்தது. கைபேசியைப் போட்டுக்கொள். சமையலறையில் ஒரு நாள் பாத்திரம் குவிந்திருக்கும். என்ன செய்யட்டும் என்று கேள். பால் பாத்திரத்துக்கும் இறைச்சிப் பாத்திரத்துக்கும் தொட்டியும் தேய்ப்பு நாரும் தனித்தனி. எது எதற்கு என்று கேட்டுக்கொண்ட பிறகு கை வை.

அன்புடன்,
அப்பா