இடிக்கும் முன் அளந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோட்டுக்கு அருகே நான் பிறந்து வளர்ந்த சிற்றூரின் பழைய திரையரங்கைச் சென்ற மாதம் இடித்துவிட்டார்கள். அதன் முகப்பில் இருபுறமும் வீணை ஏந்திய பெண்களும், நடுவே தோகை விரித்த மயிலும் சுதையில், அதாவது சுண்ணாம்புக் காரையில், செய்யப்பட்டிருந்தன. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, மயிலின் கழுத்து உடைந்த செங்கற்களோடு டிப்பர் லாரியில் கிடந்தது. இடத்துக்கு உரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் வராத அரங்குக்கு அவர் எத்தனை ஆண்டுகள்தாம் வரி கட்டிக்கொண்டிருப்பார்? என் வருத்தம் வேறு. பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கட்டட வரைபடம் கற்பித்த நான், ஒரு நாளாவது மாணவர்களை அழைத்துச் சென்று அந்த முகப்பை அளந்து தாளில் ஏற்றியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அட்லாண்டா நகரின் ஃபாக்ஸ் திரையரங்கைப் பார்த்த பிறகுதான் இந்த இழப்பின் அளவு எனக்கு விளங்கியது. 1929 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்ட அந்த அரங்கில் 4,600-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உண்டு. அரபுக் கோலத்தைத் தங்கள் அடையாளமாகக் கொண்ட ஷ்ரைனர்கள் எனப்படும் சங்கத்தார் தங்கள் கூட்ட மண்டபமாகத் திட்டமிட்டு, செலவு கைமீறிப் போனதால் வில்லியம் ஃபாக்ஸின் திரைப்பட நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்ட கட்டடம் அது. ஆகவே வெளித்தோற்றத்தில் மினார்களும் வெங்காய வடிவக் குவிமாடங்களுமாக ஒரு பள்ளிவாசலைப் போல இருக்கிறது. உள்ளே நுழைந்தால் அரபு நாட்டுக் கோட்டையொன்றின் திறந்த முற்றத்தில் இரவில் அமர்ந்திருப்பதாகவே தோன்றும். தலைக்கு மேலே கருநீல வானம். அதில் பதித்த 96 படிக விண்மீன்களுள் சில மினுக்குகின்றன. ஒரு விளக்குக் கருவி அந்த வானத்தில் மேகங்களையும் நகர்த்துகிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அந்த வானமல்ல, மாடி இருக்கைகளுக்கு மேலே விரித்துக் கட்டியது போன்ற கோடு போட்ட பந்தல். துணி என்றே எண்ணினேன். இரும்புக் கம்பி கட்டி, அதன்மேல் காரை பூசி, வண்ணம் தீட்டியது என்று விளக்கினார்கள். மேடையின் ஒலியை மாடியின் கடைசி வரிசை வரை கொண்டு சேர்க்கும் வேலையும் அதனுடையதே. மர உத்தரம் என்று நான் நினைத்தவையும் காரைதாம். கோபுரத்துச் சுதைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கைவேலை அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் மயிலும் இப்படிக் கம்பி கட்டி, காரை அப்பி, ஈரம் காயும் முன் கரணையால் உருவம் எடுத்ததுதானே.

அந்த அரங்கும் இடிபட இருந்ததே. 1970-களில் தொலைபேசி நிறுவனம் ஒன்று அந்த இடத்தில் தன் தலைமையகத்தைக் கட்ட விரும்பியது. 1975-இன் தொடக்கத்தில் படம் காட்டுவதும் நின்றது. நகரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதே ஆண்டில் கடன் பெற்று அரங்கை வாங்கி, 1978-இல் கடனை அடைத்து முடித்தது. தொலைபேசி நிறுவனம் பக்கத்து நிலத்தில் கட்டிக்கொண்டது. இன்று அங்கே இசை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் நடக்கின்றன; பழுது பார்ப்பதற்கென்றே அரங்குக்குச் சொந்தமான பிரிவு ஒன்றும் இயங்குகிறது.

நம் பக்கத்து வரலாறு இதற்குச் சற்றும் இளைத்ததன்று. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவில் ஓர் இந்தியர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்கு அதுவே என்று போற்றப்படுகிறது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்து அங்கே படம் ஓடியது. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிய அந்தக் கட்டடம் இன்று இல்லை. வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. சேலத்தில் 1935-இல் தோன்றிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்புத் தளத்துக்கும் ஏற்காடு சாலையில் நிற்கும் வளைவுதான் இன்று சாட்சி. வரைபடம் எழுதிப் பிழைத்த ஒருவர் தொடங்கி வைத்த தொழிலின் கட்டடங்கள் வரைபடம் இல்லாமலே மறைகின்றன என்பது என்னைப் போன்றவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி.

எல்லாவற்றையும் அட்லாண்டாவைப் போல மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் ஊர் அரங்குகளுள் பலவற்றுக்கு அது இயலாது. ஆனால் இடிப்பதற்கு அனுமதி வழங்கும்போது, ஒரு தொகுதி அளவு வரைபடங்களும் ஒளிப்படங்களும் எடுத்து மாவட்ட நூலகத்தில் ஒப்படைத்த பிறகே இடிக்க வேண்டும் என்று உள்ளாட்சிகள் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். மரபுக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டத்தை நம் சட்டமன்றம் 2012-இலேயே இயற்றியிருக்கிறது. திரையரங்குகளும் அதன் பார்வைக்குள் வர வேண்டும்.

முகப்பை மட்டும் அளந்தால் போதாது. தரை டிக்கெட்டுக்கு ஒரு வாசலும் மாடிக்குத் தனிப் படிக்கட்டுமாக மக்களைப் பிரித்து அனுப்பிய விதம், பெண்கள் பகுதியை மறைத்த இடுப்பளவுச் சுவர், பின்வரிசைக்கும் திரை தெரியும்படி தரைக்குக் கொடுத்த சரிவு, படக் கருவியின் கார்பன் விளக்கிலிருந்து வரும் புகை வெளியேற ஆபரேட்டர் அறையின் கூரையில் விட்ட குழாய், மொசைக் தரையின் பூக்கோலம் ஆகிய அனைத்தும் பதிவாக வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் எப்படி உட்கார்ந்தார்கள், யாரோடு உட்கார விடப்பட்டார்கள் என்பதை இந்த அளவுகள் சொல்லும்.

கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் பகுதிகளில் கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் குறைவில்லை. ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஓர் அரங்கை எடுத்துக்கொண்டாலும், நான்கு மாணவர்கள் ஒரு வாரத்தில் அளந்து முடித்துவிடலாம். அவர்களோடு நின்று நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன். இடிக்கவிருக்கும் அரங்குகளின் உரிமையாளர்கள் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைபட ஆசிரியர்,
ஈரோடு.