ரொக்கத்தை மறுக்கலாமா?

ஆசிரியருக்கு,

'ரொக்கம் பெறுவதில்லை' என்று பலகை வைக்கும் கடைகளைப் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ரூபாய்த் தாள் நாடெங்கும் செல்லும் என்கிறது 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. வாங்க மறுக்கும் வணிகருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. ஆனால், ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் மின்னணு முறையில் பணம் பெற வசதி செய்தே ஆக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். கைப்பேசிக்குக் கிடைத்த இந்தக் காவல் காந்தி படம் போட்ட தாளுக்கு இல்லை!

அண்மையில் ஒரு தனியார் மருத்துவமனைச் சிற்றுண்டிக் கடையில், கஞ்சி வாங்க வந்த மூதாட்டி சுருக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டிய நூறு ரூபாயைக் கல்லாவில் இருந்தவர் தொடவே இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர் தம் கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டு அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 2019-இலேயே இத்தகைய மறுப்பைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. நேரில் வாங்கும் பொருளுக்கு ஆயிரம் ரூபாய் வரையிலாவது ரொக்கம் பெற வேண்டும் என்று இங்கும் சட்டம் தேவை. சில்லறைத் தட்டுப்பாடு என்று கடைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வங்கிக் கிளைகள் அவர்களுக்குத் தாராளமாகச் சில்லறை வழங்கட்டும்.

வாசகர், மதுரை