நீச்சல்குளத்து நீரும் தெருவோர மழைநீர்க் கால்வாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு கிழக்குக் கடற்கரைச் சாலையின் பல வீடுகளில் நீச்சல்குளத்தைக் காலி செய்கிறார்கள். மோட்டாரைப் போட்டு, ஹோஸை வாசலில் உள்ள மழைநீர்க் கால்வாயில் செருகிவிடுகிறார்கள். அது பாதாளச் சாக்கடை அல்ல. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கிங்காம் கால்வாய்க்கோ முட்டுக்காடு உப்பங்கழிக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். குளிப்பவரை ஒன்றும் செய்யாத 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) குளோரின், மடவைக் குஞ்சையும் இறால் குஞ்சையும் கொன்றுவிடும். 0.1 பிபிஎம் கூட அவற்றுக்கு அதிகம்.

குளோரின் மாத்திரை மிதவையை எடுத்துவிட்டு, மூடாமல் வெயிலில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் குளோரின் இறங்கிவிடும். மாத்திரையே போட்டுவந்த குளத்தில் ஸ்டெபிலைசர் (சயனூரிக் அமிலம்) சேர்ந்திருக்கும், அது குளோரினை வெயிலில் அழியவிடாது என்பதால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரமென்றால் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பு (சோடியம் தயோசல்ஃபேட்) போதும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் நீர். அதில் 2 பிபிஎம் இருந்தால் மொத்தக் குளோரின் 96 கிராம்தான். அதன் ஏழு மடங்கு, அதாவது சுமார் 700 கிராம் ஹைப்போவை வாளியில் கரைத்துக் குளத்தைச் சுற்றி ஊற்றி, ஃபில்டர் மோட்டாரை ஓட விடுங்கள். பிறகு சோதனைக் குப்பியில் நீர் எடுத்துச் குளோரின் இருந்தால் மஞ்சளாகும் சோதனைச் சொட்டு மருந்தை விட்டால் இளமஞ்சள்கூடத் தெரியக்கூடாது. அமில-கார அளவான பிஎச் 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கட்டும்.

அப்புறம் புல்வெளிக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல் வேண்டாம். மணல் மண்ணென்றாலும் ஒரே இடத்தில் கொட்டினால் தெருவுக்குத்தான் வழியும். செப்டிக் டேங்கில் விட்டால் அடியில் தங்கிய கசடு கிளம்பிக் கழிவுநீர்க் குழியை அடைத்துவிடும். மழைநீர் சேகரிப்புக் குழியிலும் விடாதீர்கள், அது நாம் குடிக்கும் நிலத்தடி நீர். உப்பு நீர்க் குளமும், பாசிக்காக மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்ட குளமும் தோட்டத்துக்கு ஆகாது. செம்பு வெயிலில் அழியாது. அந்த நீரைக் கழிவுநீர் லாரியில்தான் அனுப்ப வேண்டும்.

முழுவதும் காலி செய்யத் தேவையே பெரும்பாலும் இல்லை. ஸ்டெபிலைசர் 100 பிபிஎம் ஏறியிருந்தால் பாதி நீரை மாற்றினாலே 50க்கு இறங்கும். மழைக்காலத்தில் முழுக்க இறைப்பது ஆபத்தும்கூட. கடலோரத்தில் நிலத்தடி நீர் அடியிலிருந்து தள்ளும், வெறும் குளம் அப்படியே மேலே எழும்பி விரிசல் விடும். ஃபைபர் குளங்கள் இதில் முதலில் போகும்.

புதிய குளங்களுக்கு வரைபட அனுமதி தரும்போதே, ஃபில்டரைக் கழுவிய நீர் வரும் பேக்வாஷ் குழாயும் வெளியேற்றுக் குழாயும் தெருப்பக்கம் போகாமல் தோட்டப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று உள்ளாட்சி அமைப்புகள் பார்க்க வேண்டும்.

– நீச்சல்குளப் பராமரிப்பாளர்கள், நீலாங்கரை