மாயை என்று எழுதியிருந்தாய்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

உன் கல்யாண நாளுக்குச் சித்தப்பா குடும்ப குரூப்பில் வாழ்த்து போட்டு, வித்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, "எல்லாம் மாயை சித்தப்பா, அவரவர் கர்மா" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசும் படி.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். நீ எழுதிய அர்த்தத்தில் நம் சைவத்தில் மாயை கிடையாது தம்பி. சங்கரர் வழியில் உலகத்தைக் கயிற்றில் தெரியும் பாம்பாகச் சொல்வார்கள், உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லாதது என்றும் சொல்ல முடியாது என்பார்கள். அது அவர்கள் கொள்கை. நம்முடையதில் மாயை உள்பொருள், என்றைக்கும் உள்ளது. அதிலிருந்துதான் தனு, கரணம், புவனம், போகம் நாலும் வருகின்றன. உடம்பு, மனசு முதலான கருவிகள், இருக்க இடம், அனுபவிக்கப் பொருள். ஆணவம் என்கிற அறியாமை இருட்டில் கிடக்கும் உயிருக்குக் கொஞ்சமாவது கண் தெரியட்டும் என்று இறைவன் கொடுக்கிறவை இவை. "விடிவாம் அளவும் விளக்கனைய மாயை" என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்கிறார். விடிகிற வரைக்கும் விளக்கு. உன் வேலை, புனே வீடு, வித்யா எல்லாம் அந்த விளக்கில் சேர்த்திதான், அதைப் பொய் என்று சொல்லி ஊதி அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அதை எழுதிய உமாபதி சிவமும் சுகமாக உட்கார்ந்து எழுதவில்லை. தில்லை தீட்சிதர், மறைஞானசம்பந்தரைக் குருவாக ஏற்றதற்காகச் சொந்தக்காரர்களே ஒதுக்கிவைத்து, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் இருந்தவர் என்பார்கள். அப்படிப்பட்டவர் உலகத்தை விளக்கு என்கிறார்.

ஆணவம் என்றதும் அம்மா உன்னைத் திமிர் பிடித்தவன் என்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. சாஸ்திரத்தில் அது அறியாமை, உயிரைத் தொடக்கமே இல்லாத காலத்திலிருந்து மூடியிருக்கும் மலம், அதாவது அழுக்கு. சாதாரண இருட்டு மற்ற பொருளை மறைத்தாலும் இங்கே இருட்டு இருக்கிறது என்று தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்று அதே நூலில் இன்னொரு குறள். வகுப்பில் ஐயா இதை நடத்திய அன்றைக்கு எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. வீடியோ காலில் பின்னால் ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது, பகல் பன்னிரண்டு மணி. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாய். ராத்திரி சாப்பிடுகிறாயா? எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்புறம் கர்மா. கன்மம் சடம், அறிவில்லாதது, அது தானாக வந்து யாரையும் பிடிக்காது. கூட்டிவைப்பவன் இறைவன், அவனும் தண்டிப்பதற்காகக் கூட்டிவைக்கவில்லை. சிவஞான சித்தியார் என்கிற நூலில் அருணந்தி சிவாசாரியார் வைத்தியரைச் சொல்கிறார், சில நோயை அறுத்துக் கீறித் தீர்ப்பார், சில நோய்க்குச் சர்க்கரைக் கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்ப்பார், இன்பமும் துன்பமும் ஊட்டி வினையை அறுப்பதும் அப்படித்தான் என்று. இப்போது அனுபவிக்கிற பழைய வினையான பிராரத்தம் ஒரு பக்கம் கழிந்துகொண்டிருக்கும்போதே இன்றைக்குச் செய்வது ஆகாமியமாக, அதாவது புது வினையாக, ஏறிக்கொண்டும் இருக்கிறது. அதனால் கர்மா என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வழியே இல்லை. ஒரு போன் பண்ணாமல் இருப்பதும் வினைதான்.

சிவபுராணம் முழுசும் பார்க்காமல் சொன்ன பிள்ளை நீ. தெருவில் நாலு பேர் உன்னைக் காட்டித்தான் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். இன்றைக்கும் உன் பேரைச் சொன்னால் எனக்குக் கோயிலில் இடம் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மாவோடு பேச ரெண்டு நிமிஷம், அதிலும் பாதி நேரம் "ம்".

இறைவனும் உயிரும் இருக்கிற நிலையை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று சொல்வார்கள். கலப்பால் ஒன்று, பொருள் தன்மையால் வேறு, கூடவே இருந்து நடத்துவதால் உடன். இறைவனுக்குச் சொன்னதைக் குடும்பத்துக்கு இழுக்கக் கூடாதுதான். ஆனாலும் நாங்கள் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம், அப்பாவும் நானும் எத்தனையோ விஷயத்தில் வேறாகத்தான் இருந்தோம், இருக்கிறோம். உடனாய் என்பதை விடவில்லை.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்கிறார். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வேறு சேதி இல்லை. ராத்திரி சாப்பிடு, திரையைத் திறந்து வை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் மத்தியானம் கூப்பிடுகிறேன். போனை வித்யாவிடம் கொடு. குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று இந்தத் தடவை சொல்லாதே. அவள் அங்கே இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு தம்பி, நானும் அப்பாவும் அடுத்த ரயிலில் வருகிறோம், ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

அம்மா